கண்டனூர் ஆச்சியும் நம் பாஸ்போர்ட்டும்

பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்தது அன்று. கைப்பேசியில் வந்து விழுந்த கடிதந்தான். ஆயினும் எழுதிய முறையில் பழைய கடிதங்களின் மரியாதை சிறிதும் குறையவில்லை. எழுதியவர் பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் சரித்திரம் படித்த மாணவர், கண்டனூர்ப் பிள்ளை. இப்போது பினாங்கில் உத்தியோகம், குடும்பத்துடன் அங்கேயே வாசம்.

"வருகிற தைப்பூசத்துக்கு அப்பத்தாவை இங்கே அழைத்துக்கொள்ள ஆசை. வெள்ளி ரதத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று வெகு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண்பத்திரண்டு வயதில் தனியாக விமானம் ஏற்றுவதற்கு மனம் துணியவில்லை. எனக்கோ இப்போது லீவு இல்லை. தாங்கள் துணையாக வர இயலுமா?" என்று கேட்டிருந்தார். டிக்கெட் செலவு தம் பொறுப்பு என்பதையும், நம் மனம் புண்படாத விதத்தில், கடைசி வரியில் சேர்த்திருந்தார்.

பினாங்கு வெள்ளி ரதத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடல் கடந்து சென்ற நகரத்தார்கள் அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். உற்சவ மூர்த்தி எழுந்தருளுவதற்குக் காரைக்குடியில் ஒரு வெள்ளி ரதம் செய்து, 1894-ம் வருஷத்தில் கப்பலேற்றி அனுப்பினார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் அந்த ரதம் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழி நெடுகத் தேங்காய் உடைபட, தண்ணீர்மலைக் கோயிலுக்குச் செல்லும். இன்றும் அதே ரதந்தான் ஓடுகிறது.

கடிதத்தைப் படித்தவுடன் பீரோவைத் திறந்து நமது பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தோம். சென்ற பத்து வருஷங்களில் அதற்கு வேலையே ஏற்படவில்லை. சிங்கப்பூருக்குப் போகலாம் என்று ஒரு பேச்சு எழுந்த உற்சாகத்தில் அதை வாங்கினோம். பேச்சு பேச்சோடு நின்றது. முப்பத்தாறு பக்கங்களில் ஒரு முத்திரையும் விழாமல், உழாத புன்செய் போலக் கிடந்தது. ஆயுள் மே மாதம் வரையில் என்று அச்சிட்டிருந்தது. அப்போது கார்த்திகை மாதம். பிரயாணமோ தை மாதம். தை மாதத்துப் பிரயாணத்துக்கு மே மாதம் வரை செல்லுபடியாகும் பாஸ்போர்ட் போதாதா? நிம்மதியாகப் பீரோவைப் பூட்டிவிட்டு, ஆச்சியிடம் நேரிலேயே செய்தி சொல்லி வரலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டனூருக்குக் கிளம்பினோம்.

காரைக்குடியிலிருந்து கண்டனூர் அதிக தூரமில்லை. கோட்டையூரைத் தாண்டிப் புதுவயல் வந்தால், நெல் வேகும் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து நம்மை வரவேற்கிறது. அவ்வளவு அரிசி ஆலைகள். புதுவயலுக்கும் கண்டனூருக்கும் சேர்த்து ஒரே ரயில் நிலையம். பெயரும் இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பழைய மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்தெடுத்து, அகலப் பாதை போட்டு, 2019-ம் வருஷத்தில் திருவாரூர் வரையில் மறுபடி ரயில் விட்டார்கள். நமக்கு நேரம் ஒத்துவராததால் பஸ்ஸே கதியாயிற்று.

கோட்டையூரைக் கடக்கும்போது நம் மனம் ஒரு கணம் அங்கே இறங்கிவிட்டது. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார் பிறந்த ஊர் அது. மகாத்மாவின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று 1937-ம் வருஷத்தில் அவருக்கு நினைவு உதித்தது நடுக்கடலில், கப்பலில். அதற்காகத் தேசம் தேசமாக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்து, பழைய படச் சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். காந்தியடிகளின் படத்துக்காக உலகைச் சுற்றிய அந்த மனிதரின் கையில் இருந்திருக்கக்கூடியது பிரிட்டிஷ் மகுடத்தின் சின்னம் பொறித்த பாஸ்போர்ட்தான்! அந்தக் காலத்தின் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

கண்டனூரில் இறங்கி நடந்தோம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறோம். முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். தூண்கள் பர்மாத் தேக்கு. நாம் சென்ற வீதியில் திறந்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்; மற்றவற்றில் பூட்டுத்தான் காவல். சில வீடுகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை வந்து விளக்கேற்றிப் போகும் ஆள் உண்டு. சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒரு வாசலில் மார்கழிக்கு முன்னதாகவே கோலம் பெரிதாகப் போட்டிருந்தது. அதுதான் ஆச்சியின் வீடு.

"வாங்க தம்பி, பேரன் போனிலே சொன்னான். முதல்லே காப்பி சாப்பிடுங்க" என்று வரவேற்று, பட்டாலையில் உட்கார வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னோம். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே, "உங்க பாஸ்போர்ட்டு எது வரைக்கும் இருக்கு?" என்று கேட்டார்கள்.

"மே மாதம் வரையில் இருக்கிறது, ஆச்சி. கவலையே இல்லை."

ஆச்சி விரல் மடக்கி எண்ணினார்கள். "தை, மாசி, பங்குனி, சித்திரை… நாலு மாசந்தானே ஆச்சு? போய் இறங்குற அன்னைக்கு ஆறு மாசம் மிச்சம் இருக்கணுமே! இல்லாட்டி விமானத்திலேயே ஏத்த மாட்டாகளே தம்பி! இம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியாதா?"

இரண்டு பட்டங்கள் பெற்ற நாம் தலை குனிந்தோம். மலேசியா, சிங்கப்பூர் முதலிய பல தேசங்களில், வந்து இறங்குகிறவரின் பாஸ்போர்ட்டுக்கு அன்றிலிருந்து ஆறு மாத ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வந்தவர் நோயாகவோ வேறு காரணத்தாலோ தங்கிவிட நேர்ந்தால், அவர் கையிலுள்ள சீட்டு அதற்குள் செத்துப்போய், திருப்பி அனுப்ப வழியில்லாமல் போகக் கூடாதே என்ற முன்யோசனைதான் காரணம். அப்படிப்பட்டவரை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் கம்பெனியின் தலையில் விழும். ஆகையால் கம்பெனிக்காரர்கள் புறப்படும் இடத்திலேயே தடுத்துவிடுகிறார்கள். நாம் திருச்சி விமான நிலையம் வரை போய், ஆச்சியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்திருப்போம்!

"புதுப்பிச்சிருங்க தம்பி. இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆச்சி எழுந்து உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளே பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தவை நகைகள் அல்ல, பாஸ்போர்ட்டுகள்! மூன்று தலைமுறைப் பாஸ்போர்ட்டுகள்.

எல்லாவற்றிலும் பழையது ஆச்சியின் மாமனாருக்குத் தமையனாருடையது. கருநீல அட்டை. அவர் சைகோனில் கடை வைத்திருந்தவர். சைகோன் பிரெஞ்சுக்காரர் ராஜ்யம், அந்நிய தேசம். ஆகவே பாஸ்போர்ட் இன்றி முடியாது. தொழில், உயரம், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் 'பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை'. கையெழுத்து மட்டும் நல்ல தமிழில், விலாசத்தோடு, ஏட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கையால், ஆணி அடித்தாற்போல் இருந்தது. சாம்ராஜ்யத்தின் புஸ்தகத்தில் அந்த ஒரு வரி தமிழைக் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது!

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தார் ஊர்கள் எல்லாம் ஒரே சர்க்காரின் கீழ் இருந்தவை அல்ல. கண்டனூர் முதலியவை பழைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை, பிரிட்டிஷ் இந்தியா. ராயவரம் போன்றவை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தன. ஆகவே கண்டனூர்ச் செட்டியார் 'பிரிட்டிஷ் பிரஜை'. அவருக்குப் பெண் கொடுத்த ராயவரத்துச் சம்பந்தி 'பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்'. இருவரும் ஒரே கப்பலில், ஒரே தட்டில், ஒரே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு போவார்கள். கரை இறங்கினதும் காகிதத்தில் இரண்டு ஜாதி! 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்த பிறகுதான் இந்த வேற்றுமை ஒழிந்தது.

"மாமனார் பாஸ்போர்ட்டு எங்கே, ஆச்சி?" என்று கேட்டோம்.

"அவுகளுக்கு ஏது பாஸ்போர்ட்டு? அவுக போனது ரங்கோனுக்கு."

உண்மைதான். பர்மா 1937-ம் வருஷம் மார்ச்சு மாதம் வரையில் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி ரங்கோனில் இறங்குவது, மாகாணம் விட்டு மாகாணம் போவதுதான். செட்டிநாட்டில் அதைக் 'கொண்டு விற்கப் போவது' என்பார்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்கள் ஏராளம். முதலாளிக்கும் ஆளுக்கும் நடுவே மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். அவர்கள் அறிந்த சீட்டு அது ஒன்றுதான். 1930-ம் வருஷத்தை ஒட்டி பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 இருந்தன என்று அந்நாட்டு பாங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்கிட்டது. பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர்கள் கொடுக்க முடியாமற் போகவே, அடமான நிலங்கள் செட்டியார்களின் பெயருக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்களுடைய நிலம் 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்தாகிவிட்டது. பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பியது என்று மாமனார் சொல்லுவாராம். அந்த மண்ணை இழந்த பர்மியக் குடியானவனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

1941-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி ரங்கோன் மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரம். மாமனார் வந்து சேர்ந்தபோது அவர் மூட்டையில் இருந்தவை இரண்டு வேஷ்டிகளும் நிலப் பத்திரங்களுமே. யுத்தம் முடிந்து திரும்பிப் போகலாம் என்று காத்திருந்தார். 1947-ல் பர்மா சர்க்கார் வெளியாரின் வருகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. 1948-ல் நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் வந்தது. பத்திரங்கள் வெறும் காகிதமாயின. அவையும் அந்தப் பெட்டியிலேதான் இருந்தன. ஆச்சி அவற்றை எடுத்துக் காட்டவில்லை, அடியில் கிடப்பதாக மட்டும் சொன்னார்கள்.

ஆனால் அவர்களுக்குத் திரும்பி வர ஒரு கண்டனூர் இருந்தது. வீடு இங்கே, கோயில் இங்கே, பெண்டு பிள்ளைகள் இங்கே. இந்தியப் பிரஜை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவர் கதி வேறு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து உழைத்தவர்களுக்கு 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இந்தியப் பிரஜை என்று காட்டவும் கையில் சீட்டில்லை. 1964-ம் வருஷம் சாஸ்திரியாரும் ஸ்ரீமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் பேசியது 9,75,000 பேரைப் பற்றி. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. மனிதர்களை மூட்டைகளைப் போல எண்ணிப் பங்கிட்ட அந்தக் கணக்கை வகுப்பில் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நமது பாஸ்போர்ட்டை பத்து வருஷம் பீரோவில் போட்டு வைத்துவிட்டு அதன் ஆயுளைக் கூடச் சரியாகப் பார்க்காமல் இருந்தோமே என்று, ஆச்சியின் பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் வெட்கம் உண்டாயிற்று.

அடுத்தாற்போல் ஆச்சியின் கணவருடைய பாஸ்போர்ட். பட்டுத் துணியை விலக்கும்போது ஆச்சியின் விரல்கள் மெதுவாகின. சுதந்திர இந்தியாவின் பாஸ்போர்ட். அசோகர் தூணின் சிங்கங்கள் முகப்பில். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர் அவர். முதல் முத்திரையில் மலாயா என்றிருந்தது. பிற்பாடு விழுந்தவற்றில் மலேசியா. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்பதற்குத் தனிப் பக்கம் ஒன்று. தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் செல்லாது என்று அந்த நாளைய பாஸ்போர்ட்டுகளில் குறித்திருப்பார்கள். நிறவெறி அரசாங்கத்தோடு நமக்கு உறவு வேண்டாம் என்று தேசம் எடுத்த முடிவு, ஒவ்வொரு பிரஜையின் சட்டைப் பையிலும் அச்சாகிக் கிடந்தது.

அதில் 'புதுப்பித்தல்' என்றே ஒரு பக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் புதுப்பிப்பது என்றால் உண்மையிலேயே புதுப்பிப்பதுதான். அதே புஸ்தகத்தில் இன்னும் சில வருஷங்களுக்கு என்று எழுதி, முத்திரை குத்தி, அதிகாரி கையொப்பமிடுவார். இன்று நாம் வாய்ப்பேச்சில் புதுப்பிப்பது என்கிறோமே தவிர, சர்க்கார் பாஷையில் அது மறு வழங்கல். பழையது ரத்தாகிறது, புது எண்ணோடு புதுப் புஸ்தகம் பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த நாளில் பாஸ்போர்ட் தருவது சர்க்காரின் தயவு. கொடுக்கலாம், மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் தேசபக்தர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. நேதாஜி 1941-ல் காபூலைக் கடந்து ஐரோப்பா சென்றது, ஆர்லாண்டோ மஸோட்டா என்ற பெயரிலிருந்த இத்தாலியப் பாஸ்போர்ட்டில். சுதந்திரம் வந்த பிறகும் இருபது வருஷம் வரையில் பாஸ்போர்ட் வழங்குவதற்கென்று தனிச் சட்டம் இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு பெற்ற சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வெளிநாடு செல்வதும் மனிதனுடைய சுதந்திரத்தில் அடங்கியது, சட்டமில்லாமல் அதைத் தடுக்க முடியாது என்று 1967-ம் வருஷம் ஏப்ரல் மாதம் தீர்ப்பாயிற்று. அதே வருஷம் ஜூன் மாதத்தில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இப்போது மறுப்பதானால் காரணம் எழுத வேண்டும், அப்பீலும் உண்டு.

"இத்தனை தடவை போனார்களே, உங்களை ஒரு தரமாவது அழைத்துப் போகவில்லையா?" என்று கேட்டோம்.

"அப்பல்லாம் பொம்பிளைகளைக் கூட்டிட்டுப் போற பழக்கம் ஏது தம்பி? வருஷா வருஷம் பூசம் முடிஞ்சதும் காயிதம் வரும். ரதம் எத்தனை மணிக்குக் கோயில் சேர்ந்துச்சு, எத்தனை தேங்காய் உடைச்சாக, எல்லாம் எழுதுவாக. அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு கடைசியிலே ஒரு வரி இருக்கும்."

பெட்டியில் மிச்சமிருந்த நான்கும் ஆச்சியுடையவை. ஆண்கள் கடல் கடக்க, பெண்கள் வீடு காத்த ஊர் இது. இப்போது மகளின் பிரசவத்துக்கும் பேத்தியின் பிரசவத்துக்கும் பறந்து போகிறவர்கள் ஆச்சிமார்களே. முதல் பாஸ்போர்ட் 1994-ம் வருஷத்தது, சிங்கப்பூருக்குப் போனது. ஆறு தடவை பிரயாணம். ஆனால் பினாங்கு ஒரு தடவை கூட இல்லை. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கணவருடைய விலாசத்தில் ராமநாதபுரம் ஜில்லா. ஆச்சியின் முதல் பாஸ்போர்ட்டில், 1985-ல் பிரிந்த பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997-க்குப் பிறகு வாங்கியவற்றில் சிவகங்கை மாவட்டம். வீடு மட்டும் ஒரே வீடு. இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை.

கடைசியாகப் புதுப்பித்தபோது விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அண்டை அயலில் இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றாராம். ஆச்சி வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் காட்டினார்களாம். "அந்த வீடு கோலாலம்பூர், இந்த வீடு அமெரிக்கா, எதிர்த்த வீடு மெட்ராஸ். யாரைக் கூப்பிட?" கடைசியில் கோயில் குருக்களும் மளிகைக் கடைக்காரரும் வந்து, இவர்தாம் இவர் என்று சொன்ன பிறகு காரியம் முடிந்ததாம். ஆச்சி சொல்லச் சொல்ல நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தண்டம் கட்ட நேர்ந்தது, அதைச் சொல்கிறோம்.

ஊருக்குத் திரும்பிய அன்றிரவே சர்க்கார் வலைத்தளத்தில் மனுவைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தோம். நூறு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டும் நமக்கு நல்ல பாடம் கிடைத்தது. முதல் கேள்வியே பெயர். குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். தலைப்பெழுத்துக் கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத தமிழன் என்ன செய்வான்? தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் உட்கார வைக்கிறான். ஆகவே அந்நிய தேசத்து ஹோட்டல்காரர்கள் நம்மை விட்டுவிட்டுக் காலஞ்சென்ற நம் தகப்பனாரை வாருங்கள் என்று உபசரிப்பார்கள். நமக்காவது ஓர் எழுத்து. நகரத்தார் விலாசத்திலே தகப்பனார், பாட்டனார், பூட்டனார் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். அத்தனை பேரையும் விரித்து எழுதினால் கட்டம் போதாது. ஆவிச்சியின் மகன் மெய்யப்பர் ஏ.வி.எம். என்று மூன்றே எழுத்தில் உலகப் பிரசித்தமாகிவிட்டார். பாஸ்போர்ட் மனுவில் அவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

முப்பத்தாறு பக்கப் புஸ்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்; அவசரமென்றால் இன்னும் 2,000. அவசரத் திட்டம் வேண்டாம், நாள் இருக்கிறது என்று ஆச்சி சொன்னபடியே சாதாரண மனுப் போட்டோம். இதற்குள் செய்தி தெரிந்த ஒரு தரகர் வந்து, தாம் முடித்துத் தருவதாகவும், கட்டணம் போக மூவாயிரம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். என்னதான் செய்வீர் என்று கேட்டதில், நாம் ஏற்கெனவே செய்து முடித்த மனுவைத்தான் அவரும் செய்வார் என்று தெரிந்தது. காப்பி கொடுத்து அனுப்பினோம்.

முன்பெல்லாம் இந்தக் காரியத்துக்குச் சென்னை போக வேண்டும், பிறகு திருச்சி, 2007-ல் மதுரையிலேயே பாஸ்போர்ட் ஆபீஸ் வந்தது. 2017 முதல் தபால் ஆபீசுகளிலும் மையங்கள் திறந்திருக்கிறார்கள். நமக்கு மதுரைச் சேவா கேந்திரத்தில் முதலில் நாள் கிடைத்தது. மூன்று கட்டங்கள். முதலில் கம்பெனிச் சிப்பந்திகள் காகிதங்களைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் படம் பிடித்து, பத்து விரல்களின் ரேகையும் எடுக்கிறார்கள். சாக்குக் கட்டி பிடித்துத் தேய்ந்த நம் வலக் கட்டைவிரல் இரண்டு தடவை பதிய மறுத்தது. அடுத்த இரண்டு கட்டங்களிலும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். நம் பட்டங்களை யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். 1983-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்தாவது தேறாத தொழிலாளி மலேசியா உள்ளிட்ட பதினெட்டுத் தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் தனி அனுமதி பெற வேண்டும். ஏமாற்று ஏஜெண்டுகளிடமிருந்து ஏழைகளைக் காக்கும் ஏற்பாடு. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பழைய பாஸ்போர்ட் எடுத்த பிறகு வீடு மாறியிருந்தபடியால் போலீஸ் விசாரணை பாக்கி. அது நாளைக்கு வரும், மறுநாள் வரும் என்று பார்த்தோம். வரவில்லை. பத்து நாள் கழித்து வலைத்தளத்தில் பார்த்தால், 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று அறிக்கை போயிருந்தது! அரையாண்டுப் பரீட்சை நேரம். நாம் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவோம். மனைவியும் வேறொரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. அடுத்த வீட்டாரோ புதிதாகக் குடிவந்தவர்கள்; நம் பெயரைக் கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். கண்டனூர் வீதியின் பூட்டுகளைக் கண்டு சிரித்தோமே, நம் வாசலிலும் அதே பூட்டுத்தான் தொங்கியிருக்கிறது! எட்டு மாதமாக அடுத்த வீட்டில் இருப்பவருக்கு நம் பெயர் தெரியவில்லை. அவர் பெயர் நமக்கும் தெரியாது. குருக்களும் மளிகைக் கடைக்காரரும் இருந்த ஆச்சியின் நிலைமை நமக்கு மேல்.

பூசத்துக்கு ஐந்து வாரந்தான் இருந்தது. ஆச்சியிடமிருந்து போன் வரும்போதெல்லாம், "வந்துவிடும் ஆச்சி" என்போம். "வந்துரும் தம்பி, இல்லாட்டி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அடுத்த வருஷம் என்ற வார்த்தை அந்த வீட்டில் எத்தனை தடவை கடிதத்தின் கடைசி வரியில் வந்தது என்பது நமக்குத் தெரியுமாதலால், அது காதில் ஈட்டி போல் பாய்ந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். தவறு பெரும்பாலும் நம்முடையதே. மறு விசாரணைக்கு மனுக் கொடுத்து, இரண்டு தடவை நடந்து, மூன்றாம் தடவை ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் மாலையே நாம் வீதியில் வீடு வீடாகப் போய் நம்மை அறிமுகம் செய்துகொண்டிருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் தேவகோட்டைக்காரர், நல்ல மனிதர். அவரே முதல் சாட்சி.

அதன் பின் எல்லாம் வேகமாக நடந்தன. நான்காம் நாள் அச்சாயிற்று என்று செய்தி. ஆறாம் நாள் ஸ்பீட் போஸ்டில் வந்தது. தபாற்காரர் நம் அடையாளச் சீட்டைப் பார்த்த பிறகே உறையைக் கையில் கொடுத்தார்.

அன்று மாலையே கண்டனூர் பஸ் ஏறினோம். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் பெயர், பிறகு பிறந்த தேதி, பிறகு வழங்கிய தேதி, முடியும் தேதி என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பேரனைப் போனில் அழைத்து, ஒவ்வோர் எழுத்தாக அவனிடம் சொல்லிச் சரிபார்த்தார்கள். "பழசு எங்கே?" என்றார்கள். ஓரம் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்த பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். ஒரு முத்திரையும் இல்லாத அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேயுமே போகலையா?" என்று வியப்புடன் கேட்டார்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு என்று பேரன் அன்றிரவே டிக்கெட் வாங்கி அனுப்பிவிட்டான். ஆச்சியின் பெட்டி ஒரு வாரத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. சீடையும் மாவுருண்டையும் தனி டப்பாக்களில். தாம்பாளத்தில் வைத்திருந்த ஒரு தேங்காயைக் காட்டி, இதை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டார்கள். முழுத் தேங்காயைப் பற்றி நமக்கும் ஐயமாகவே இருந்தது. பினாங்கிலேயே வாங்கி உடைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம்.